காதுகுத்துக்கு வந்த காயின்காரர்கள்

என் வீட்டுக்காரர் போனில் கிரிப்டோ காயின் வாங்கி விற்பவர்களின் வாட்ஸ்அப் குரூப் இரண்டு இருந்தன. ஒன்று, எல்லோரும் கேள்விப்பட்ட பழைய காயினுடையது. அங்கே ஒருவரையொருவர் மதிக்க மாட்டார்கள். இவர் சந்தேகம் கேட்டால், "மொதல்ல படிச்சிட்டு வாங்க" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் பதில் வரும். மற்றது புதுக் காயின். விடிந்தால் ரோஜாப்பூ படத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வணக்கம். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தால், "சாப்ட்டிங்களாண்ணா?" என்று கேட்க அங்கே ஆள் இருந்தது.

வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. மாமனார் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தது. எங்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

தள்ளிப்போய்க்கொண்டே இருந்த மகளின் காதுகுத்தை ஒருவழியாக வைத்தோம். ஏதோ பழைய தகராறில் இவருடைய கூடப்பிறந்தவர்களே வரவில்லை. புதுக் காயின்காரர்கள் கார் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மொய் எழுதினார்கள், பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு போட்டார்கள். இவர் கண்கலங்கிவிட்டார். நான் மொய் நோட்டில் அவர்கள் எழுதிய தொகையை இரண்டு முறை பார்த்தேன்.

கொஞ்ச நாளில் அவர்கள் இன்னொரு காயின் இறக்கினார்கள். அதில் போட இவர் தோப்பை விற்கக் கிளம்பினார்.

"எந்தக் காயின் நல்லதுன்னு பாக்காம எவன் நல்லா பேசறான்னு பாக்கறீங்களே, கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

"நம்ம விசேசத்துக்கு வந்து செஞ்சவங்கடி. இப்ப அவங்க விசேசம். திருப்பிச் செய்யலன்னா நான் மனுசனா?"

மொய்யையும் முதலீட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட மனிதரிடம் என்னத்தைச் சொல்ல?

பழைய குரூப்பிலும் ஒரு வார்த்தை கேட்டார். "தோப்ப வித்தா? அறிவிருக்கா? எங்க காயின்லகூட அப்பிடிப் போடாதீங்க" என்று ஒருவன் எழுதினான்.

"பாத்தியா, எப்பிடிப் பேசறான்!" என்று இவர் அந்தக் குரூப்பை விட்டே வெளியேறினார். தோப்பை விற்றார்.

அவர்கள் இறக்கிய அந்தக் காயின் ஏறுவதுபோல் ஏறி, ஒரேயடியாக விழுந்தது. காரணம் கேட்ட இவரைக் குரூப்பிலிருந்து தூக்கினார்கள். காதுகுத்துக்கு வந்த அத்தனை பேர் போனும் ஸ்விட்ச் ஆஃப். பாவிகள், எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டு எங்கள் வயிற்றிலேயே அடித்தார்கள்.

இந்த மாம்பழ சீசனில் ஒரு சாவுக்காக அந்தப் பக்கம் போனோம். தோப்பைக் கண்டதும் மகள் பழைய பழக்கத்தில் வேலிக்குள் ஓடி, கீழே கிடந்த பழத்தை எடுத்துவிட்டாள். கொலுசுச் சத்தம் கேட்டுக் காவல்காரர் எழுந்து வந்தார்.

"யாரு பாப்பா நீ?"

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இவர் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "கீழ வெச்சிட்டு வா கண்ணு, அது நம்முளுது இல்ல" என்றார்.