நின்ற சில்லு

இன்று தலைமன்னாரில் சைக்கிள் திருத்தும் கடையில் சூடான ரப்பர் மணத்தது. போர்க்காலத்தில் ரேடியோவுக்குப் பற்றரி கிடைக்காததால், கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை அம்மா கையால் சுற்றச் சுற்ற, சில்லின் டயரில் டைனமோ உரசி இதே மணம் எழும்ப, ரேடியோவில் இரண்டு பேர் நவீன சமையலறையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

"எங்கட சட்டிக்கே மீன் காணாது, இவைக்குப் பிரிட்ஜுக்கு வேணுமாம்!" என்பார் அப்பாவின் தங்கையான மாமி. அம்மா சிரித்தபடி சுற்றுவார்.

கடலுக்குப் போன அப்பாவின் வள்ளம் திரும்பாத கிழமையும் அந்த ரேடியோ உரையாடல் வழமைபோல் ஓடி முடிந்து, செய்தி வந்தது. கரையொதுங்கிய உடல்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கியதும் அம்மாவின் கை நின்றது.

"சுத்துங்கோ மச்சாள்," என்றார் மாமி.

அம்மா பெடலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ரேடியோ அடங்கியது. அப்பா எங்களுக்கு இன்னும் ஒரு நாள் உயிரோடு இருந்தார்.