மூன்றாவது வகைத் தாள்

இந்த நகரத்தில் கையில் தாளோடு ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குள் நுழைந்தால், அது மனுவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகையாக இருக்க வேண்டும். மூன்றாவது வகைத் தாள் ஒன்றும் உலகில் உண்டு என்று வாசலில் இருப்பவரை நம்பவைப்பதே என் தொழிலாகிவிட்டது. மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் இருக்கும் அந்த அலுவலகத்தின் உதவியாளர் குமரேசன், ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்காமலே கேட்பார்.

"இன்னா சார், மனுவா, பத்திரிகையா?"

"ரெண்டும் இல்லை. ஆராய்ச்சி."

"ஆராய்ச்சின்னா, உங்களுக்கு இன்னா வோணும்?"

"எனக்கு ஒண்டும் வேண்டாம்."

அப்போதுதான் தலையைத் தூக்குவார். ஒன்றும் வேண்டாதவனை இங்கே யாரும் எளிதில் நம்புவதில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போல வேறு வேறு ஊர்களில் கிடந்து வாசிக்கிறவர்களுக்கும் என் வேலையை விளக்குவது சிரமம். அடையாறில் ஒரு சின்ன அறை, ஒரு மின்விசிறி, நான். பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கிறவர்களைச் சட்டம் செய்கிறவர்களிடம் கூட்டிக்கொண்டு போவேன். ஒருவர் 'இருக்கலாம்' என்று பேசுகிறவர். மற்றவர் 'இருக்கா, இல்லியா' என்று கேட்கிறவர். நடுவில் நின்று நின்று கால் வலிக்கிறது, வாய் அதைவிட. எங்கள் பக்கத்தில் பெரியவர்களைப் பார்க்கப் போனால் தேத்தண்ணி கிடைக்கும், காரியம் நடக்காது. இங்கே காரியம் நடக்கும். சிலவேளை அது வேறு யாருடையவோ காரியமாக இருக்கும்.

சென்ற முறை நான் கூட்டிப்போனவர் கலைவாணி. ஆற்றங்கரைகளிலிருந்து நகரத்துக்கு வெளியே மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பல வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்தவர். படிப்பாண்டின் நடுவில், அதுவும் பெரிய வகுப்பில் இருக்கும்போது மாற்றினால், பள்ளியை விட்டு நின்றுவிடும் பிள்ளைகளின் தொகை கூடுகிறது என்பது அவர் கண்டது. அடையாற்றின் கரையில் ஒரு குடியிருப்பைப் பொங்கல் கழிந்ததும் காலி செய்யப்போவதாகச் செய்தி வந்திருந்தது. அங்கே இருக்கும் தேவி, பல வீடுகளில் வேலை செய்கிறவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கலைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"வூட்ட இடிக்கறத இடிக்கட்டும் மேடம். பரீச்ச முடியற வரிக்கும் வுட்டுட சொல்லுங்க. அது போதும்."

எனக்கு அந்த வேண்டுதல் புதிதல்ல. பதினாறு வயதில், பள்ளியின் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால், சண்டை நெருங்கிவர நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு (பூட்டினோமா என்பதே சந்தேகம்) சனத்தோடு சனமாக நடந்தோம். பரீட்சையை வேறொரு ஊர்ப் பள்ளியில், வேறு யாருடையதோ பெயர் கீறிய மேசையில் எழுதினேன். சூத்திரங்கள் எல்லாம் மறந்துவிட்டன. அந்தப் பெயர் மறக்கவில்லை. எங்களுக்காக ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆளும் இருக்கவில்லை, வாங்கவும் ஆள் இருக்கவில்லை.

இங்கே வாங்குவதற்கு ஆள் உண்டு. உறுப்பினர் நல்ல மனிதர், களைத்த மனிதர். சட்டமன்றம் கூடியிருந்த வாரம் அது. அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டால் போதும் என்பது எங்கள் நினைப்பு.

"மாத்துனா புள்ளைங்க படிப்பு கெட்டுப்போவும், அதானே மேடம்?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது சார்," என்றார் கலைவாணி. "கெடறதுக்கான வாய்ப்பு கூடுது. வேற காரணங்களும் இருக்கலாம்."

உறுப்பினர் என்னைப் பார்த்தார். "இன்னாங்க, இவங்க நம்ம பக்கமா, எதிர்ப் பக்கமா?"

"பிள்ளைகளுக்குப் பாதிப்பு இருக்கு சார்."

"கேரளாவா நீங்க?" என் பேச்சை வைத்துக் கேட்டார்.

"யாழ்ப்பாணம்."

முகம் சட்டென்று இளகியது. எங்கள் துயரத்தைப் பற்றி உண்மையான வருத்தத்தோடு பேசினார். தேவியின் மகளுக்கான நேரம் அதில் போய்விட்டது.

வெளியே வரும்போது குமரேசன் கலைவாணியின் குறிப்பில் முத்திரை குத்தி, எண் போட்டு, கட்டில் செருகிக்கொண்டிருந்தார். நல்லபடியாக வாங்கிக்கொண்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அது மனுக்கட்டு. மனு என்றால் உரிய துறைக்குப் போகும். உரிய துறை என்பது வீடுகளை இடிக்கிற துறை. சில நாளில் கலைவாணியின் கைபேசிக்குப் பதில் வந்தது: மனுதாரர் கரையோரக் குடியிருப்பாளர் அல்லர், ஆகவே மாற்று வீடு பெறத் தகுதியற்றவர்.

பெசன்ட் நகரில் சொந்த வீடு உள்ள கலைவாணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்குள் சட்டமன்றக் கூட்டம் முடிந்திருந்தது. பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கு மனுதான் படிக்கத் தெரியும்னா மனுவாவே குடுப்போம் சார். தேவி குடுக்கட்டும். என்னோடது பின்னாடி இணைப்பா இருந்துட்டுப் போகட்டும்." பல வருட உழைப்பு ஒரு குண்டூசியில் தொங்கப்போவதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

தேவியும் அவர் வீட்டு வரிசையில் இருப்பவர்களும் மனுவோடு போன அன்று குமரேசன் தலை நிமிர்ந்தே பேசினார்.

"யக்கா, ஓட்டு இங்கதான கீது?"

"எங்க லைன் மொத்தமும் இங்கதான் நைனா. எலெக்ஷன் வந்தா மட்டும் வூடு தெரியுதில்ல உங்களுக்கு?"

உறுப்பினர் அங்கேயே நின்று துறை அதிகாரியிடம் தொலைபேசியில் பேசினார். இணைப்பைப் புரட்டினாரா என்று தெரியாது. ஆனால் பேச்சின் நடுவில், "பெரிய கிளாஸ் புள்ளைங்கதான் நின்னுடுதுங்களாம்யா" என்று ஒரு வரி வந்தது. கலைவாணி என் முழங்கையைத் தட்டினார்.

பரீட்சை முடியும்வரை தேவியின் வரிசைக்கு விலக்குக் கிடைத்தது. அந்த வரிசைக்கு மட்டும். கலைவாணி ஆராய்ந்தது எல்லாப் பிள்ளைகளையும் பற்றி. மனுவில் எல்லாரும் இல்லை. மற்ற வரிசைகளுக்கும் எழுதி எடுத்துக்கொண்டு ஓடினோம். அதற்குள் இடிக்கிற இயந்திரம் வந்துவிட்டது.

பிறகொரு நாள் தேவியைப் பார்க்கப் போனேன். உள்ளே மகள் வேதியியலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். எதிர் வரிசையில் ஒரு வீடு இருந்த இடத்தில், மிஞ்சியிருந்த சிவப்புத் தரையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

"பரீச்ச முடிஞ்சா நாங்களும் அங்கதான்," என்றார் தேவி. "ஓட்டும் அங்க போயிடும். அப்பால இவரு நம்மள கண்டுக்குவாரா? ஆமா, உங்க ஓட்டு எங்க கீது சார்?"

"இங்கயும் இல்லை. ஊரிலயும் இல்லை."

"அடப்பாவமே. அப்போ உங்களுக்கு ஒண்ணுன்னா யாராண்ட போவீங்க?"

சிரித்துச் சமாளித்துக்கொண்டு எழுந்தேன். சுவர் இல்லாத, வாசல் இல்லாத அந்தத் தரையில் ஏறும்போது பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றியிருக்கிறேன். எந்தப் பக்கம் கழற்றினேன், எது உள், எது வெளி என்று தெரியாமல், இடிந்த செங்கற்களுக்கு நடுவே வெறுங்காலோடு தேடிக்கொண்டிருந்தேன்.