ஞானமுத்துவின் உலையும் என் மஞ்சள் தண்ணீரும்

செவ்வாய்க்கிழமை காலை மானாம்பதி பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகவே சொன்னார். "உங்க கூட்டாளி ஞானமுத்து பூட்டாருப்பா. நாலு நாளு ஜொரமாம்." எந்த ஞானமுத்து என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஞானமுத்துதான். அப்படியும் கேட்டேன்.

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் பம்பு வைத்திருக்கிற உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். இடது காலைச் சற்று இழுத்து நடப்பாரே, அவர்தான். நானும் அவரும் பல வருஷம் ஒரே பட்டறையில் ஃபிட்டர்கள். ஒத்த வயது, வாடா போடா பழக்கம். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். படித்திருந்தால், "இன்னாடா கோயிந்தா, மரியாதைலாம் தூள் பறக்குது" என்று சிரித்திருப்பார். நாற்பத்திரண்டு ஒரு சாகிற வயதா? கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கால் எப்படிப் போயிற்று என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்களுக்குத் தெரிந்த கதை பொய்.

மாகறலில் ஒருவருடைய பம்புசெட்டின் புல்லி உடைந்துபோனது. பெல்ட் ஓடுகிற அந்தச் சக்கரம் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் பால் பிடித்து நின்ற நெல் பதராகிவிட்டது. மாட்டிவிட்டுத் திரும்பும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டே ஞானமுத்து சொன்னார்:

"ஒரு சக்கரத்துக்காவ ஒரு போகமே பூட்ச்சிடா. நாமளே உருக்கி ஊத்துனா இன்னா?"

"வார்ப்பு வேலைல உனுக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவன் மாதிரியா பேசறேன்?"

அன்றிலிருந்து அவர் வீட்டுக் கொல்லையில் சாமான் சேர ஆரம்பித்தது. அடி நசுங்கிய ஒரு ஆயில் டின்தான் உலை. ஏரிக் களிமண்ணில் உமியையும் செங்கல் தூளையும் பிசைந்து உள்ளே நான்கு விரல் கனத்துக்கு அப்பினார். முதல் தடவை வெடித்துவிட்டது, உதிர்த்துவிட்டு மறுபடி அப்பினார். காற்று ஊதக் கையால் சுற்றுகிற பழைய விசிறி ஒன்றைத் திருப்புட்குழிப் பக்கம் ஒரு கொல்லரிடம் கெஞ்சி வாங்கிவந்தோம். உலோகம் உருக்குகிற மூசைக்கு மெட்ராஸ் போனோம். கீழே விழுந்தால் விரிசல் விடும் என்று அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தார். "கொழந்த தூங்குதா?" என்று பஸ்ஸில் ஒரு அம்மா கேட்டார். "ஆமாம்மா, முழிச்சா பேஜாரு" என்றார் இந்த மனுஷர்.

அச்சு செய்ய எடுத்துவந்த செய்யாற்று மணல் பருக்கையாக இருந்தது. மனைவி எஸ்தருடைய மாவுச் சல்லடையை எடுத்துச் சலித்தார். அச்சுப் பெட்டியின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மேலே தூவ மெல்லிய தூள் வேண்டும். எஸ்தருடைய பவுடர் டப்பாவும் போயிற்று. "பொண்டாட்டிக்குப் பூ வாங்கத் தெரியாது, மணலுக்குப் பவுடர் போட்டுக்கினு கீறாரு பாருண்ணா" என்று என்னிடம் முறையிட்டாள். எஸ்தருக்கு வாய் அதிகம், மனசு அதைவிட அதிகம்.

காலுக்கு ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்தான் கிடைத்தது. எனக்கு நெருப்பென்றால் பயம். பூட்ஸ் இல்லாமல் கிட்டே வரமாட்டேன் என்று அடம் பிடித்தேன். கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"ஊத்தறது ஒரு நிமிஷம், காய வெக்கிறதுதான்டா வேல" என்பார். அச்சை ஒரு வாரம் வெயிலிலும் தணலிலும் காய வைத்தார். அதன் வாயின் மேல் கண்ணாடித் துண்டை வைத்து, ஆவி படிகிறதா என்று தினமும் பார்த்தார். உருக்க வைத்திருந்த பழைய அலுமினியப் பிஸ்டன்களைக்கூட உலை ஓரத்தில் சூடு காட்டிய பிறகுதான் மூசைக்குள் போட்டார். ஈரம் என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

முதல் வார்ப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்து உலையை மூட்டினார். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் புதிதாக ஒரு திருப்புளி வந்தால்கூட மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் எடுக்க மாட்டோம். இவரானால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நேரே விசிறியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். வேற்றுச் சாமி கும்பிடுகிற வீட்டில் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு, ஒரு சின்னச் சீசாவில் மஞ்சள் தண்ணீரும் ஒரு மாவிலையும் கொண்டுபோயிருந்தேன். அலுமினியம் உருகி நின்றது. மூசையைப் பிடித்துத் தூக்குகிற கொறடு எடுக்க அவர் உள்ளே போனார். நான் உலையைச் சுற்றித் தெளித்தேன். பிறகு அச்சுக்குத் தெளித்தேன். அச்சுக்குக் கொஞ்சம் தாராளமாகவே.

கெடுதல் வரக்கூடாது என்றுதானே செய்தேன், ஐயா!

அவர் ஊற்றினார். அச்சுக்குள் இறங்கிய உலோகம் அந்த ஈரத்தில் பட்டு, இறங்கிய வேகத்தில் சீறி மேலே வந்தது. என் பூட்ஸில் இரண்டு சொட்டு. மிச்சமெல்லாம் அவருடைய வெறுங்காலில். அந்த நிலையிலும் மூசையைப் போட்டுவிடவில்லை. மெல்ல மணலில் இறக்கி வைத்துவிட்டு, உட்கார்ந்து, "உனுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டார்.

மூன்று மாதம் படுக்கை. பட்டறையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் எஸ்தர் எனக்கு டீயைக் கொடுத்துவிட்டு அவரைப் பிடித்துக்கொள்வாள். "ஈரம் கீதா இல்லியான்னு பாக்கத் தெரியாத ஆளுக்கு இந்த வேல எதுக்கு? எல்லாம் அவசர புத்தி." அவர், "ஆமா, நான்தான் சரியாப் பாக்கல" என்பார். நான் டீயைக் குடிப்பேன். வெட்கம் கெட்டவன், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பேன்.

நடக்க முடிந்ததும் மறுபடி அச்சு செய்தார். ஊற்றப் போகிற அன்று என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"கோயிந்தா, மஞ்சத்தண்ணி கொண்டாந்துகிறியா? இருந்தா என் தலைல தெளி, உன் தலைல தெளி. மணல்ல மட்டும் வாணாம்."

அச்சுப் பெட்டிப் பலகையில் மஞ்சள் கறை இருந்ததாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பார்த்துவிட்டாராம்.

"எஸ்தர் கிட்ட நானே சொல்லிட்றேன்டா" என்றேன்.

"சொல்லாத. அப்பறம் உன்ன வூட்டாண்ட சேக்காது. நா யார வெச்சிக்கினு ஊத்தறது?"

அந்தப் புல்லி ஓரத்தில் ஒரு சொட்டைப் பள்ளத்தோடு வந்தது. ஆனாலும் ஓடியது. அதற்குப் பிறகு அந்தக் கொல்லையில் எத்தனை பம்புகளுக்கு எத்தனை சாமான் வார்த்தார் என்பதை நீங்களே அறிவீர்கள். உங்களில் யாருடைய நெல்லும் சக்கரத்துக்காகக் காத்திருந்து பதராகவில்லை.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு எஸ்தரிடம் சொல்லிவிட்டேன்.

"எட்டு வருசம்ணா. மழ வந்து கால் வலிக்குதுன்னு சொன்னா போதும், 'உன் அவசர புத்திக்கு வேணும்'ம்பேன். போன வாரம் ஜொரத்துல படுத்துக்கினு கால் வலிக்குதுன்னாரு. அப்பகூட சொன்னேனே. அப்பகூட வாயத் தொறக்கலியே அந்தாளு!"

"என்னைத் திட்டு, தங்கச்சி" என்றேன்.

"இன்னிக்கி முடிலண்ணா" என்றாள்.

மூசையும் கொறடும் அவள் வீட்டில்தான் இருக்கின்றன. அவருடையது என்று சொல்ல என்னிடம் எந்தச் சாமானும் இல்லை. எனக்கு விழவேண்டிய திட்டை எட்டு வருஷம் அவர் நின்று வாங்கினார். அது ஒன்றுதான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் வீட்டுக்குப் போகிறேன். அவள் என்னைத் திட்டுகிற வரைக்கும் போய்க்கொண்டே இருப்பேன்.