அப்பாவுக்குச் சொன்ன விலாசம்

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் ஒன்றும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உருத்திரமூர்த்தியும் அவர் மனைவி சந்திரமதியும் சுவிஸில், வில் என்ற நகரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னது இது. மூர்த்திக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அந்த வானை இன்னும் ஆயிரம் பிராங்க் கூட்டியே விற்றிருப்பார். எஞ்சினில் எண்ணெய் ஒழுகுகிறது என்று, வாங்க வந்தவர் குனிந்து பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்லித் தொலைத்த மனிதர் அவர்.

வான் என்றால் சாமான் ஏற்றும் வான் இல்லை. படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் உள்ளே இருக்கிற வீட்டு வண்டி. 1983இல் மதி ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது மூர்த்தி இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. ஹோட்டல் கொடுத்த அறையில் ஒருவர்தான் தங்கலாம். வெளியில் வீடு கேட்டுப் போனால், முகத்தைப் பார்த்ததுமே, நேற்றுத்தான் கொடுத்துவிட்டோம் என்பார்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று, ஆரா என்ற ஊரில் பழைய வண்டி விற்கிற ஒருவரிடம் அதை வாங்கினார். முன்பு வைத்திருந்தவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. ஏரிக்கரையில் கேம்பிங் இடம் ஒன்றில் மாத வாடகைக்கு நிறுத்திக்கொண்டார்கள். இருவரும் குடும்பம் நடத்தத் தொடங்கியது அந்தத் தகரப் பெட்டிக்குள்தான்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. மூர்த்தியின் அப்பா தம்பித்துரை பென்ஷன் விஷயமாகக் கொழும்புக்குப் போன பஸ்ஸை வழியில் இராணுவத்தார் மறித்து, எல்லோரையும் இறக்கிச் சுட்டுவிட்டார்கள். தப்பி ஓடிவந்த ஒருவர் சொன்னாராம். உடம்பு கிடைக்கவில்லை.

மூர்த்தி ஒரே மகன். கொள்ளி வைக்கவும் கொடுத்து வைக்கவில்லை. அன்றிலிருந்து மாதா மாதம் அமாவாசைக்கு விரதம் இருந்து, வானுக்குள் அப்பாவுக்குப் படைத்தார். வாழையிலைக்கு எங்கே போவது? ஒரு வெள்ளைத் தட்டில் சோறு, பருப்பு, உறைப்பாக ஒரு குழம்பு, கிழங்குப் பால்கறி, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். “அப்பா, வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ” என்று கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வெளியே நிற்பார்கள். செத்தவர்கள் சாப்பிடும்போது நாம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அரை மணித்தியாலம் கழித்து, மூன்று தரம் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அதுதான் முறை.

மூன்றாவது அமாவாசையில் தம்ளரில் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. சோற்றில் ஒரு பள்ளம். எலியாக இருக்கும் என்றாள் மதி. மூர்த்தி எலிப்பொறி வாங்கி வைத்தார். ஒரு எலியும் விழவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் தட்டில் ஏதாவது குறையும். உறைப்புக் குழம்பு மட்டும் தொடாமல் அப்படியே இருக்கும். பால்கறிதான் போகும். அப்பாவுக்கு வயிற்றுப்புண் இருந்தது, அதனால்தான் உறைப்பைத் தொடவில்லை என்று மூர்த்தி தாமே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். அப்பா வருகிறார். இவ்வளவு தூரம் தேடி வந்து என் கையால் சாப்பிடுகிறார். அந்த ஒரு நினைப்பில்தான் அந்த மனிதர் மூன்று வருஷம் பனியிலும் குளிரிலும் சட்டி தேய்த்தார்.

பட்ட காலிலே படும் என்பார்கள். 87 ஏப்ரலில், சமையலறையில் கொதிக்கிற சட்டியைத் தூக்கும்போது மூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. இனிச் சூட்டில் நிற்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, வாகனம் ஓட்டக் கூடாது, இன்னொரு பனிக்காலத்தைத் தகரத்துக்குள் கழிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. மதியின் தம்பி முறையான தவச்செல்வன் வில்லில் இருந்தான். அவன் மதிக்கு அங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலையும், மூன்றாம் மாடியில் சின்ன வீடு ஒன்றும் பார்த்துக் கொடுத்தான். வீட்டுக்கு மூன்று மாத வாடகை முன்னாலேயே கட்ட வேண்டும். வானை விற்றால்தான் உண்டு.

மூர்த்தி விற்க விடவில்லை. வாங்க வந்த இரண்டு பேரைச் சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினார். மதிக்குக் கோபம் வந்துவிட்டது. உயிரை விட இந்தத் தகரம் பெரிதா என்று கேட்டாள். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

“வானை வித்தா, அப்பா எங்கை வாறது?”

மூன்றாம் நாள் காலையில், துணி மடித்துக்கொண்டே மதி சொன்னாள்.

“வீடு மாறினா ஆக்களுக்கு விலாசம் குடுக்கிறமெல்லோ. அவருக்கும் குடுங்கோ.”

சரி என்றுதான் பட்டது. ஸ்டுடர் என்ற சுவிஸ்காரர் செப்டம்பர் 23, புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து வானை எடுப்பதாகப் பேச்சு. 22, செவ்வாய்க்கிழமை, அமாவாசை.

அன்று மாலை கேம்பிங்கில் மனிதர் நடமாட்டமே இல்லை. சீசன் முடிந்துவிட்டது. ஏரியிலிருந்து குளிர் ஏறிக்கொண்டிருந்தது. 6.50க்கு மதி சமையலை முடித்தாள். ஏழு மணிக்கு மூர்த்தி குளித்துத் திருநீறு பூசி, தட்டின் முன்னால் உட்கார்ந்தார். நேரமெல்லாம் எப்படி ஞாபகம் என்று நான் கேட்டேன். அடுப்புக்கு மேலே மணிக்கூடு இருந்தது, பிறகு கையில் கட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் நின்றோம் என்றார்.

எனக்குச் சுகமில்லை அப்பா, வேறு வழியில்லாமல் விற்கிறேன், கோபிக்காதீர்கள் என்று தொடங்கி, குழந்தை மாதிரித் தேம்பினார். பிறகு புது விலாசத்தைச் சொன்னார். ஊர், தெரு, பதினான்காம் இலக்கம். கடைசியாக ஒன்று சொன்னார்.

“மூண்டாம் மாடி அப்பா. லிஃப்ட் இல்லை, மெல்ல ஏறி வாங்கோ. இனி வந்து வந்து போக வேண்டாம். எங்களோடையே இருங்கோ.”

முன்பெல்லாம் வந்து சாப்பிடுங்கோ என்றுதான் கூப்பிட்டவர். இருங்கோ என்று சொன்னது அன்றைக்குத்தான்.

7.12க்கு இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். நாலைந்து அடி தள்ளி, புல்லில் நின்றார்கள். உள்ளே சின்ன லைட் எரிந்தது. காற்றில்லை. ஏரியிலும் சத்தமில்லை.

7.20.

கிரீச்...

வான் ஒரு பக்கம் சரிந்தது. கதவுப் பக்கம். யாரோ படியில் கால் வைத்து ஏறினால் எப்படிச் சரியுமோ, அப்படி. பிறகு பாரம் மெதுவாக நகர்ந்து, மேசைப் பக்கம் போய் நின்றது. ஸ்பிரிங் ஒருதரம் முனகிவிட்டு அடங்கியது.

இத்தனை அமாவாசைக்கும் அப்படி நடந்ததில்லை. மதி அவர் கையைப் பிடித்தாள்.

தம்பித்துரை ஈர்க்குப் போன்ற மனிதர். நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். எண்பது கிலோ மூர்த்தி ஏறினாலே அந்த வான் அவ்வளவு பதியாது.

பிறகு சத்தம் வந்தது.

கிணுக்... கிணுக்...

கரண்டி. தட்டில் கரண்டி படுகிற சத்தம். மதி தட்டோடு கரண்டி வைக்கவில்லை. தம்பித்துரை தம் ஆயுளில் கரண்டியால் சாப்பிட்டவரும் இல்லை.

கிணுக்...

ஜன்னல் இடுக்கால் ஒரு வாடை வந்தது. சாம்பிராணி இல்லை. பைப் புகையிலை.

7.41க்குச் சத்தம் நின்றது.

சாப்பிட்டு முடிந்தால் எழுந்து போக வேண்டும். போனால் வான் நிமிர வேண்டும். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிமிரவில்லை.

7.55.

நிமிரவில்லை...

மூர்த்திக்கு நெஞ்சு இறுக ஆரம்பித்தது. இடது கை மரத்தது. நாக்குக்குக் கீழே வைக்கிற மாத்திரை உள்ளே, மேசைக்கு மேலே சுவரில் பொருத்தியிருந்த பலகையில். முகத்தைப் பார்த்தே மதிக்குத் தெரிந்துவிட்டது.

மதி போனாள். மூன்று தரம் தட்டினாள்.

திறந்தாள்.

யாரும் இல்லை.

தட்டில் பாதிச் சோறு இல்லை. கரண்டியும் முள்ளும், இழுப்பறையில் இருந்தவை, தட்டின் மேல் பக்கம் பக்கமாக, ஒரே சாய்வில் வைக்கப்பட்டிருந்தன. ஹோட்டலில் வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். சாப்பிட்டு முடித்துவிட்டேன், தட்டை எடுக்கலாம் என்று அர்த்தம்.

மேசைக்கு அந்தப் பக்கத்து மெத்தை அமுங்கியிருந்தது. ஆழமாக.

அமுங்கியபடியே இருந்தது...

மதி அதைப் பார்க்காமல், மாத்திரையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். தன் புருஷனைக் காப்பாற்ற அந்த மெத்தைக்கு மேலால் எட்டிக் கை நீட்ட வேண்டியிருந்தது என்றாள். கையில் ஏதாவது பட்டதா என்று நான் கேட்டேன். அவள் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

அன்றிரவு இருவரும் கேம்பிங் குளியலறைக் கட்டடத்துக்குள், ஹீட்டருக்குப் பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதி பயத்தில் விறைத்துப்போயிருந்தாள். ஆனால் மூர்த்தி, மாத்திரை வேலை செய்து மூச்சுத் திரும்பியதும், அழுதார். சந்தோஷத்தில் அழுதார். நான் சொன்னது அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது, அதனால்தான் எழும்பிப் போகவில்லை என்றார். கரண்டியைப் பற்றி மதி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சந்தோஷந்தான். அதையும் எப்படிப் பிடுங்குவது?

காலையில் ஸ்டுடர் வந்தார். வானைச் சுற்றிப் பார்த்தார். கையெழுத்து, சாவி, காசு, எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. மூர்த்தி வானின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான்கு வருஷ வாழ்க்கை அது. மதி கடைசிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால், வான் மெதுவாக நிமிர்ந்தது.

தவச்செல்வன் காருடன் வந்து காத்திருந்தான். புறப்படும்போது இறங்கிப்போய்ப் பின் டயர்களைக் குனிந்து பார்த்தான்.

“அத்தான், என்னத்தைப் பின்னுக்கு ஏத்தினனீங்கள்? டயர் இப்பிடி அமுங்கிப்போச்சு.”

ஏற்றியிருந்தது இரண்டு பைகளும் ஒரு சட்டிப் பெட்டியுந்தான். பின் சீட்டில் யாரும் இல்லை.

வில் வீட்டில் முதல் மாதம் பெரிதாக ஒன்றுமில்லை. மாலை வேளைகளில் படியில் பாரமான காலடி கேட்கும். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, மூன்றாம் மாடிக்கு வந்து, இவர்கள் கதவோடு நின்றுவிடும். மூர்த்தி சிரித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிடுவார். மதி சமையலறையை விட்டு அசையமாட்டாள்.

அக்டோபர் 22, வியாழக்கிழமை. வில்லில் முதல் அமாவாசை. மாலை 6.30க்குச் சமையலறை மேசையில் தட்டை வைத்து, அப்பா, வாங்கோ என்று கூப்பிட்டு, மூர்த்தி கதவைச் சாத்தினார். காத்திருக்கிற நேரத்தில் மதி கீழே போய்த் தபால்பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு நீல நிற விமானக் கடிதம் வந்திருந்தது. இன்டர்லாக்கன் விலாசத்தை வெட்டி, வில் விலாசம் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூர்த்தியின் தங்கை தனலட்சுமியின் கையெழுத்து. செப்டம்பர் 11ஆம் திகதி எழுதியது.

சாத்திய கதவுக்கு முன்னால், நடையில் நின்றபடியே மூர்த்தி அதைப் படித்தார். முதல் நாலு வரியைத்தான் படித்தார்.

“அண்ணா, இருந்துகொண்டு வாசி. அப்பா வந்திட்டார். அண்டைக்கு பஸ்ஸாலை இறக்கின ஆக்களிலை கொஞ்சப் பேரைத் தெற்கிலை ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனவங்களாம். இந்த மூண்டு வருஷமும் அங்கைதான் இருந்தவர். போன கிழமை விட்டிட்டாங்கள். நல்லா மெலிஞ்சு போனார், ஆனா உயிரோடை இருக்கிறார். உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

மூர்த்தியின் முகம் மலர்ந்தது. என்னுடைய அப்பா. உயிரோடு. வாய் திறந்தது, கத்திக் கூப்பிட, அழ, சிரிக்க...

சத்தம் வரவில்லை.

கடிதத்திலிருந்து அவர் கண் மெல்ல நிமிர்ந்து, சமையலறைக் கதவில் போய் நின்றது.

மதியும் படித்துவிட்டாள்.

“அப்ப, இவ்வளவு காலமும்...”

அவர் அவள் வாயைப் பொத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம், கதிரை ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ பாரமாக உட்கார்ந்தார்கள்.

மூன்று வருஷம் செத்துப்போய்விட்டார் என்று அழுத அப்பா உயிரோடு இருக்கிறார். அந்தச் செய்திக்கு அந்த மனிதரால் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. கடிதத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, மனைவியின் காதில் சொன்னார்.

“மெல்லக் கதையும் மதி. அவருக்குக் கேக்கும்.”