ரொட்டி வண்டியின் ஜன்னல் பாட்டு

தெருத்தெருவாக வண்டியோட்டி விற்கிறவனுக்குக் கடையும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. அவன் போடுகிற பாட்டுதான் இரண்டும். மீன்காரருக்கு ஹாரன் போதும். பழைய இரும்பு வாங்குகிறவருக்குப் பதிவு செய்த குரல் போதும். ரொட்டி விற்கிறவன் பாடு அப்படியில்லை. மதியத் தூக்கம் கலைந்து, காப்பிக்குப் பால் வைக்கிற நேரத்தில் ஆட்களைக் கோபப்படுத்தாமல் வாசலுக்கு வரவழைக்க வேண்டும். நாகர்கோவிலில் புறப்பட்டு தோவாளை, ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டி என்று ஆம்னி வேனில் பன்னும் ரஸ்க்கும் கொண்டுபோய் விற்பவன் நான். தெருவில் விற்றுப் பிழைக்கும் நண்பர்களே, நான் பட்டதைச் சொன்னால் உங்களுக்குத்தான் புரியும்.

கோட்டாற்றில் கிடைத்த கேசட்

வண்டி வாங்கிய புதிதில் எங்களிடம் பாட்டு இல்லை. நான் ஓட்டுவேன், என் மனைவி நீலா பின்கதவைத் திறந்து வைத்து விற்பாள், கூவுவது என் பொறுப்பு. நானோ வாயைத் திறக்க யோசிக்கிறவன். ஒருமுறை "ரொட்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் தெரு முடிந்துவிடும்.

ஒருநாள் கோட்டாற்றில் நடைபாதைக் கடை ஒன்றில் பழைய கேசட்டுகளைக் குவித்துப் போட்டிருந்தார்கள். நீலா குனிந்து ஒன்றை எடுத்தாள். அட்டை இல்லை, பெயர் இல்லை. சினிமாப் பாட்டும் இல்லை, அப்போது இளவட்டங்கள் கேட்டுக்கொண்டிருந்த பாப் பாட்டு. கைதட்டலில் ஆரம்பிக்கும். ஒரு பெண் மாடி ஜன்னலைப் பார்த்து, எட்டிப் பார் எட்டிப் பார் என்று யாரையோ கூப்பிடுவாள். கடைக்காரர் அதை டேப்பில் போட்டுக் காட்டினார். எதிர்மாடியில் நிஜமாகவே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன! நீலா அப்போதே முடிவு செய்துவிட்டாள். ரொட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் இழுத்தேன். அவள் சொன்னாள்: "நீங்க கூவினா ஆரோ செத்துப் போனதாட்டு நெனைப்பாவ. பேசாம இதப் போடுங்க."

மாற்றிப் பார்த்த நாள்

ஊரில் ஆளுக்கொரு விருப்பம். வெள்ளிக்கிழமையாவது பக்திப் பாட்டு போடக்கூடாதா என்பார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். புதுப்பாட்டு போடுங்க என்பார்கள் கல்லூரிக்குப் போகிறவர்கள். பாட்டே வேண்டாம், எனக்குத் தலைவலி என்று ஒரு அம்மா சொல்வாள். ஆனால் தெருவில் முதல் ஆளாகத் தட்டோடு நிற்பதும் அவள்தான்.

எல்லாருக்கும் நல்லவனாக இருக்கலாமே என்று ஒரே ஒரு நாள் வேறு பாட்டு போட்டேன். தோவாளையில் பூக்கட்டும் பெண்கள் இருக்கிற தெரு எனக்கு நல்ல வியாபாரமுள்ள தெரு. அன்றைக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. மெதுவாகப் போனேன், திரும்பியும் வந்தேன். கதவுக்குள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறது, ஆள் வெளியே வரவில்லை. மறுநாள் பழைய பாட்டோடு போனதும் மொத்தத் தெருவும் வண்டியைச் சுற்றிக்கொண்டது. நேற்று ஏன் வரவில்லை என்று சண்டை. வந்தேன் அம்மா, இந்த வழியாக இரண்டு முறை வந்தேன் என்றேன். ஒருத்தி மடியிலிருந்த பிச்சிப்பூவைத் தட்டிவிட்டு எழுந்தாள்: "வண்டி வந்தா எங்களுக்கென்ன? பாட்டு வரல்லியே!"

ஆரல்வாய்மொழிக் காற்று

ஆரல்வாய்மொழியில் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் ஓய்வில்லாமல் சுற்றுகிற மாதங்களில் என் பாட்டு என் பேச்சைக் கேட்காது. நான் முக்குத் திரும்பும் முன்பே பாட்டு திரும்பிவிடும். கீழ்த்தெருவில் ஆட்கள் எனக்காகக் காத்து நிற்பார்கள், பால் பொங்கித் தணிந்து ஆறியும் போயிருக்கும். மேல்தெருவிலோ வண்டி வாசலில் நின்றாலும் பாட்டு காதில் விழாது.

மேல்தெருவில் ஒரு பெரியவர், கரண்ட் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். தேங்காய் பன் இல்லாமல் அவருக்குக் காப்பி இறங்காது. காற்றுக் காலம் முழுவதும் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தெருமுனையில் வந்து நிற்பார். ஸ்பீக்கரை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். காற்று அதையும் வாங்கிக்கொண்டு போனது. அவர் சொன்னார்: "காத்துக்கு மட்டும் தினசரி ஓசியில பாட்டு போடுகீரே, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையும்."

பாட்டு போயிற்று

நீலா காலமான பிறகு ஓட்டுவதும் விற்பதும் நானே. கேசட் அடிக்கடி சிக்கத் தொடங்கியபோதே அதிலிருந்து ஒரு பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தேன். போன மழையில் வண்டிக் கூரை ஒழுகி, செட்டுக்குள் தண்ணீர் இறங்கி, பென்டிரைவ் செத்துவிட்டது. வேறு பிரதி என்னிடம் இல்லை.

பாட்டில்லாமல் போனேன். பன் அப்படியே திரும்பி வந்தது. அதற்குள் சினிமாப் பாட்டோடு வேறொரு ரொட்டி வண்டியும் அந்த வழியில் வரத் தொடங்கியது. பேக்கரி முதலாளி, அண்ணாச்சி நீங்களும் ஏதாவது புதுப்பாட்டு போடுங்களேன் என்றார். போட்டிருக்கலாம். ஆனால் இத்தனை வருடமாக என் முன்னால் போய் வழிகாட்டியது நீலா எடுத்துக் கொடுத்த பாட்டு. அது கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிடுவது என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கோட்டாற்றில் மொபைல் கடை வைத்திருக்கும் சாகுலிடம் போனேன். பாட்டுக்குப் பெயர் தெரியாது, பாடியவர் தெரியாது என்றதும், பரவாயில்லை, நீங்களே பாடுங்க, போன் கண்டுபிடித்துவிடும் என்றான். கடையில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கைதட்டல்கூட நானே தட்டினேன். சாகுல் போனை வெகுநேரம் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னான்: "அண்ணாச்சி, நீங்க பாடினதக் கேட்டுட்டு போனு ஆம்புலன்ஸ் நம்பரக் காட்டுகு."

தெருவே பாடியது

நான் பாட்டைத் தேடுகிற விஷயம் எப்படியோ பரவிவிட்டது. வண்டி நின்ற இடமெல்லாம் இதே பேச்சு. எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும் என்று ஆளாளுக்கு வந்து பாடிக் காட்டினார்கள். தோவாளையில் பாடியது ஒரு ராகம், பூதப்பாண்டியில் பாடியது வேறு ராகம். பேக்கரி தட்டில் தாளம் போட்டார்கள். ரிட்டயர்டு கரண்ட் ஆபீஸ்காரர் இரண்டாவது அடியைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தெருமுனைவரை ஓடி வந்தார். வந்து சேர்வதற்குள் மறந்துவிட்டார். இத்தனை பேர் வாயில் அந்தப் பாட்டு கிடந்திருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த தெருவில் கிடைத்துவிடும் என்று நானும் வண்டியைக் கொஞ்சம் விரட்டியே ஓட்டினேன்.

ஆரம்பத்தில் எத்தனை கைதட்டல் என்று பூதப்பாண்டியில் ஒரு வீட்டு நாத்தனாருக்கும் மதினிக்கும் பெரிய தர்க்கம். பேச்சு முற்றி, இருவரும் பன் வாங்காமலே உள்ளே போய்விட்டார்கள். பிறகு மதினி மட்டும் திரும்பி வந்தாள். வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று கதவைத் திறந்தேன். அவள் ரகசியமாகச் சொன்னாள்: "பாட்டு கெடச்சா மொதல்ல எனக்க கிட்டச் சொல்லணும் மாமா, அவளுக்கு ஒரு பாடம் இருக்கு."

மஸ்கட்டிலிருந்து வந்தது

அதே தெருவில் ரமணி என்றொரு பெண். கணவன் கண்ணன் மஸ்கட்டில் வேலை. மாமியார் கோலம்மையும் குழந்தையும் அவளும் இங்கே. கணவனுக்காகக் குழந்தையை எப்போதும் வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருப்பாள். தர்க்கத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற ரமணிக்குத் திடீரென்று பொறி தட்டியது. "மாமா, நான் சாயங்காலம் எடுக்குற வீடியோவுல எல்லாம் பின்னால உங்க பாட்டுதானே கேக்கும்!" அவள் போனில் இடமில்லாமல் எல்லாம் அழித்திருந்தாள், அங்கேயே கணவனுக்குப் போன் போட்டாள். பழைய வீடியோ எதையும் அவன் அழிக்கவில்லையாம். அடுத்த லீவு நாள் முழுக்க அறையில் உட்கார்ந்து தேடியிருக்கிறான். மறுநாள் என் வண்டி தெருவுக்குள் நுழையும்போதே ரமணி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தை முதன்முதலாக எட்டெடுத்து வைத்த நாளில் எடுத்த வீடியோ. அதில் முழுப் பாட்டும் இருந்தது, கைதட்டலிலிருந்து கடைசிவரை!

முழுப் பாட்டும் எப்படி வந்ததென்றால், அன்று வண்டி அந்த வாசலில் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறது. நின்ற காரணமும் பதிவாகியிருந்தது. பாட்டின் நடுவே கோலம்மையின் குரல் கணீரென்று வருகிறது: "இது ரஸ்க்கா செங்கலா? நாய்க்குப் போட்டா நாய் கோவிச்சுக்கிட்டுப் போயிரும்!" உடனே வண்டிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு. நீலாவின் சிரிப்பு. அவளுக்குச் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பாட்டின் அடுத்த அடி முழுக்கச் சிரித்திருக்கிறாள்.

சாகுலிடம் கொண்டுபோனேன். வீடியோவிலிருந்து சத்தத்தை மட்டும் தனியே எடுத்தான். நடுவில் இருக்கும் ஏச்சை வெட்டிவிடட்டுமா, உங்க வியாபாரத்துக்கு நல்லதில்லையே என்றான். வெட்டினால் அடுத்த அடியும் போகுமா என்று கேட்டேன். போகும் என்றான். அப்படியே இருக்கட்டும் என்றேன். அவன் இரண்டு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் போட்டேன் பாருங்கள்! தோவாளையில் பூவும் கையுமாக ஓடி வந்தார்கள். "நாய் கோவிச்சுக்கிட்டுப் போயிரும்" என்ற இடத்தில் ஆரல்வாய்மொழிப் பிள்ளைகள் மறுநாளே கூடச் சேர்ந்து கத்தினார்கள். அப்படி என்ன ரஸ்க் அது என்று கடித்துப் பார்க்கவே ஆட்கள் வாங்கினார்கள். அந்த வாரத்தில் ஒருநாள்கூட ரஸ்க் பூதப்பாண்டிவரை வந்து சேரவில்லை. கோலம்மை மட்டும் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் கோபமாகத்தான் வந்தாள். பாட்டைக் கடைசிவரை நின்று கேட்டாள், நீலாவின் சிரிப்பு வந்த இடத்தில் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "பாடினவ பேரு ஒருத்தருக்கும் தெரியாது, ஏசினவ பேரு நாஞ்சில்நாடு பூராத் தெரிஞ்சு போச்சே, ரொட்டிக்காரரே!"

நண்பர்களே, தன் ரஸ்க்கைத் தானே ஒலிபெருக்கியில் ஏசிக்கொண்டு ஊர்சுற்றி, காலி டின்னோடு வீடு திரும்புகிற வியாபாரி இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.