ரைமோவின் எறும்புகள்

உருளைக்கிழங்கை முதலில் வேகவைப்பதா, வாசல் பனியை முதலில் தள்ளுவதா என்று மனைவி துய்ரே கேட்டால் போதும், ரைமோ மடிக்கணினியைத் திறந்துவிடுவார். "எறும்புங்ககிட்ட கேட்டுடலாம்." எறும்புகள் யோசித்து முடிப்பதற்குள் துய்ரே பனியைத் தள்ளிவிட்டு, வெந்த கிழங்கை உரித்துக்கொண்டிருப்பாள்.

தம்பெரே நகரில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர் ரைமோ. அவருடைய எறும்புகள் கணினிக்குள்தான் வாழ்கின்றன. கூட்டமாக அலைந்து ஆளுக்கொரு கால அட்டவணை போடும். நல்ல அட்டவணை அமைந்த வழியில் வாசனையை விட்டுச் செல்லும்; மற்றவை மோப்பம் பிடித்துப் பின்னால் வரும். "அதுங்களுக்குத் தலைவனே கிடையாது. அதனால பாரபட்சமும் கிடையாது" என்பார், குடியிருப்புச் சங்கத் தலைவர் ரைமோ.

குடியிருப்பின் அடித்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சவுனா, அதாவது நீராவிக் குளியலறை; வீட்டுக்கு வாரம் ஒரு முறை. வெள்ளி மாலை முறை யாராவது செத்தால்தான் காலியாகும். அது ரைமோ தம்பதியுடையது. அந்த வெப்பத்துக்காகத்தான் துய்ரே வாரம் முழுக்க முதுகுவலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறாள்.

புதிதாகக் குடிவந்த பேருந்து ஓட்டுநர் மீகா, பிள்ளைகளோடு சேர்ந்திருக்கத் தனக்கு வெள்ளி மாலை மட்டுமே வாய்க்கிறது என்று சங்கக் கூட்டத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார். ரைமோ எழுந்தார். முறைகளை எறும்புகளே பங்கிடட்டும் என்றார்; முடிவுக்குத் தானும் கட்டுப்படுவதாக வாக்குக் கொடுத்தார். எல்லோரும் தலையசைத்தார்கள். எங்கள் ஊரில் அது பலத்த கைதட்டல்.

எறும்புகள் வெள்ளி மாலையை மீகாவுக்குக் கொடுத்தன. நாளெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் என்பதால் ரைமோவுக்குச் செவ்வாய் நண்பகல். மறுபடி ஓடவிட்டார், மறுபடியும் மீகா.

"எறும்புக்கு என் முதுகு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, துய்ரே வெந்நீர்ப் பையோடு படுக்கப் போனாள். ரைமோ மடிக்கணினியைத் திறந்தார். எறும்புகளுக்கு இன்னும் பயிற்சி போதவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, நெடுநாள் பழக்கத்துக்குத் தாராள மதிப்பெண் என்றொரு விதியை நுழைத்தார். அத்தனை எறும்பும் வரிசை கட்டி அவர் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தன.

செவ்வாய் நண்பகல் மீகாவின் தலையில் விழுந்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது அவர் கோபப்படவில்லை. "கணக்கு சொன்னா சரிதாங்க. மனுஷங்க பிரிச்சிருந்தாதான் சண்டை வந்திருக்கும்." இந்த மனிதர் நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம் என்றிருந்தது ரைமோவுக்கு.

வெள்ளி மாலை. சவுனாவின் மேல் பலகையில் சாய்ந்திருந்த துய்ரே கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "உண்மையச் சொல்லு ரைமோ. இத எறும்புங்கதான் குடுத்துச்சா?"

ரைமோ அகப்பை நிறையத் தண்ணீர் மொண்டு கொதிக்கும் கற்களின் மேல் ஊற்றினார். சீறல் அடங்குவதற்குள் இன்னொரு அகப்பை ஊற்றினார்.