விடுப்பு விதிகளும் மூன்று விசிலும்

துறைத் தேர்வில் இரண்டு முறை தோற்ற பிறகுதான் என் குரலை நானே பதிவு செய்துகொள்ளலாம் என்ற யோசனை வந்தது. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. வீடு சிதம்பரத்தில். தேர்வு எழுதித் தேறினால்தான் பதவி உயர்வு. விடியற்காலையில் எழுந்து படிப்பதென்று முடிவு செய்து, புத்தகத்தின் மேலேயே தூங்கிப் பார்த்தாயிற்று. சமையலறைச் சுவரில் விதிகளை எழுதி ஒட்டினேன். அதன்மேல் என் கணவர் காலண்டரை மாட்டிவிட்டார்.

பேருந்தில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். குலுங்குகிற வண்டியில் புத்தகத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ஆனால் காது சும்மாதானே இருக்கிறது? சமைத்துக்கொண்டே விதிகளை வாசித்து போனில் பதிவு செய்தேன். காலையில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் புதுச்சத்திரம் தாண்டும்போது இயர்போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. எனக்குத் தெரியவில்லை. போன் தன்பாட்டுக்கு உரக்கப் பேச ஆரம்பித்தது.

"விடுப்பை உரிமையாகக் கோர முடியாது. விடுப்பை மறுக்கவோ ரத்து செய்யவோ..." குக்கர் விசில். "ஏங்க! மூணு விசில் வந்துடுச்சு, கேஸ சிம்ல வைங்க! கூப்புடுறது காதுல விழலையா? ...ரத்து செய்யவோ அதிகாரிக்கு உரிமை உண்டு."

அந்த நேரத்துப் பேருந்தில் பாதிப் பேர் அரசு ஊழியர்கள். மொத்த வண்டியும் சிரித்தது. போனை அணைப்பதற்குள் பொத்தானை மாற்றி அழுத்திச் சத்தத்தை இன்னும் கூட்டிவிட்டேன். பின்சீட்டிலிருந்து ஒரு பெண்மணி, "கேஸ சிம்ல வச்சாரா இல்லையாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

ஆலப்பாக்கம் வந்தபோது, முன்சீட்டிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேறொரு அலுவலகத்தில் வேலை.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. நானும் இதே பரீட்சைதான். ஒம்போது தடவ எழுதிட்டேன். புக்க தொறந்தாலே கண்ணு சொக்குது. அத எனக்கு கொஞ்சம் அனுப்புறீங்களா?"

"நடுவுல சண்டையெல்லாம் வரும் சார்."

"பரவால்ல மேடம். எங்க வீட்டு சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலாம்."

அனுப்பினேன். அவர் தன் அலுவலகத்தில் தேர்வு எழுதும் நான்கு பேருக்கு அனுப்பினார். அவர்கள் யார் யாருக்கு அனுப்பினார்களோ, ஒரு மாதத்தில் கடலூரில் எந்த அலுவலகத்துக்குக் கோப்பு எடுத்துக்கொண்டு போனாலும், என் குரலைக் கேட்டதும் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான அந்த சிம்ல வைங்க மேடம்?" என் கணவருக்குச் செல்போன் பழுதுபார்க்கும் கடை. அங்கேயே ஒரு வாடிக்கையாளர், "காது நல்லா கேக்குதா சார்?" என்று விசாரித்திருக்கிறார். அன்று இரவு என் கணவர் முதல் விசிலுக்கே கேஸை அணைத்துவிட்டார்.

எனக்கு வேறு கவலை. "அடுத்த பாடம் எப்ப மேடம்?" என்று தினமும் நாலைந்து பேர் கேட்டார்கள். படிக்காமல் எப்படி வாசிப்பது? ஓர் இடத்தில் மருத்துவ விடுப்பைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று முன்பின் தெரியாத ஒருவர் திருத்தம் அனுப்பினார். அவமானத்தில் அந்தப் பாடம் முழுவதையும் மறுபடி படித்து மறுபடி வாசித்தேன். இரண்டு வருடமாக வராத சுறுசுறுப்பு, மானம் போய்விடுமே என்ற பயத்தில் வந்தது.

தேர்வு நடந்தது. முடிவும் வந்தது. என் குரலைக் கேட்டுப் படித்தவர்களில் ஏழு பேர் தேறியிருந்தார்கள். ஒன்பது முறை தோற்றவர் இரண்டு தாளிலும் தேறிவிட்டார். நான் முதல் தாளில் தேறி, இரண்டாவதில் தோற்றுவிட்டேன். இரண்டாம் தாளில் வரும் பயணப்படி, அதாவது அலுவல் பயணச் செலவு விதிகளை வாசிக்க வேண்டிய வாரத்தில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாசிக்காததால் படிக்கவும் இல்லை. அவரோ கண் சொக்கச் சொக்க அதைப் புத்தகத்திலேயே படித்திருக்கிறார்.

வாழ்த்துச் சொன்னேன். மனதுக்குள் எரிந்தது. அவருக்கோ என்னைவிடச் சங்கடம். ஒரு வாரம் வேறு பேருந்தில் போனார். எட்டாம் நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து பயணப்படிப் புத்தகத்தை எடுத்தார்.

"நான் கேள்வி கேக்குறேன். நீங்க பதில் சொல்லுங்க."

"நீங்கதான் பாஸ் பண்ணிட்டீங்களே சார், உங்களுக்கு ஏன் இந்த வேல?"

"சும்மா வந்தா தூக்கம் வருது மேடம்."

அடுத்த தேர்வு வரை தினமும் கேட்டார். தப்பாகச் சொன்னால் திட்டமாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வெளியே பார்ப்பார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமலேயே நான் ராத்திரி படித்துவிட்டு வந்தேன்.

முடிவு வெளியான காலையில் கடலூர் முதுநகரை நெருங்கிக்கொண்டிருந்தோம். பட்டியல் போனில் சுற்றிச் சுற்றித் திறந்தது. என் எண் இருந்தது. மூன்று முறை பார்த்தேன். நம்பிக்கை வராமல் அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் படித்தார்.

"இருக்குது மேடம்."

நான் அழுவேன் என்று எனக்கே தெரியாது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதேன். நடத்துனர் பதறிப்போய் ஓடிவந்தார்.

"என்னாச்சு, வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லப்பா. பரீட்சையில பாஸ் பண்ணிட்டாங்க."

நடத்துனர் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "அதுக்கு ஏன் சார் அழுவுறாங்க?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் விசிலை ஊதினார். "முதுநகர் எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க!"